வாய் திறக்காத ஆட்டம்

"இன்னிக்கும் கோல் போட்டுட்டீங்களா? இருங்க, நாளைக்கு வெச்சுக்கறேன் உங்களை" என்று அறைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கொஞ்சியது. அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த நாகரத்தினம் இலையைக் குப்பையில் போட்டுவிட்டுத் தண்டைச் சட்டியில் போட்டாள்.

குரல் வந்தது அவள் கணவர் உத்திராபதியின் செல்போனிலிருந்து. கும்பகோணத்தில் பாத்திரக்கடையில் வேலை பார்க்கும் மனுஷன், முன்பெல்லாம் கடை சாத்தியதும் ஊர்க்கதை பேசிவிட்டு ஆடி அசைந்துதான் வீடு வருவார். இப்போது வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அறைக்குள் போய்க் கால்பந்து அட்டையை விரிக்கிறார்.

ஆட்டம் என்னவோ சின்னப் பிள்ளைகள் ஆடுவதுதான். அட்டைதான் மைதானம், பகடை சொல்லும்படி பந்து நகரும். ஒன்று விழுந்தால் பந்து எதிராளிக்குப் போய்விடும். ஆறு விழுந்தால் கோலைப் பார்த்து அடிக்கலாம், எதிராளியும் ஆறு போட்டால்தான் தடுக்க முடியும். இதில் இப்படி இளிப்பதற்கு என்ன இருக்கிறது என்று நாகரத்தினத்துக்கு விளங்கவில்லை.

அந்தச் சிரிப்பில் கால்வாசிகூட அவள் பங்குக்கு வந்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் காபி குடித்து எத்தனை நாளாயிற்று. அவளுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது, அதை அணைக்கத்தான் ஆளில்லை.

இதில் ஒரு கூத்து என்னவென்றால், உத்திராபதி சிரிப்பாரே தவிர வாயைத் திறந்து ஒரு சொல் பேச மாட்டார். பேச்செல்லாம் அந்தப் பக்கத்துக்காரியுடையதுதான். "உங்களுக்கு நாலு. எங்களுக்கு ஒண்ணு, பந்து உங்க கைக்கு வந்துடுச்சு" என்று அவள் அடுக்கிக்கொண்டே போவாள். இவர் தலையை ஆட்டிக்கொண்டு பந்தை நகர்த்துவார்.

நாகரத்தினம் கேட்டும் பார்த்துவிட்டாள். போனில் ஆடுவதற்காக விதியைக் கொஞ்சம் மாற்றியிருப்பதாகச் சொன்னார் உத்திராபதி. இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி அட்டை. மேலே கட்டித் தொங்கவிட்ட போனில் அட்டை மட்டும்தான் தெரிய வேண்டும், முகம் தெரியக் கூடாது. பகடையைக் கண்ணாடி டம்ளருக்குள் போட்டுத்தான் குலுக்க வேண்டும். ஆடுகிறவர்கள் வாயே திறக்கக் கூடாது, விழுந்த எண்ணைப் பக்கத்தில் இருக்கிறவர்கள் யாராவது சொல்ல வேண்டும். சிக்னல் விட்டுவிட்டு வருவதால் ஆளுக்கு ஆள் பேசினால் குழப்பமாம்.

யாரோடு ஆடுகிறீர்கள் என்றதற்கு மட்டும், தெரிந்தவர்கள்தான் என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

அடுத்த வீட்டு நஃபீசாவிடம் விசாரித்தாள். நஃபீசாவின் தம்பி மூஸா துபாயிலிருந்து இதே ஆட்டத்தைப் போனில் ஆடுகிறவன். "விதியாவது ஒண்ணாவது? அவன் கத்துற கத்துல எங்க வீட்டுக் கோழி கூடைக்குள்ள வர மாட்டேங்குது" என்றாள் நஃபீசா. அத்தோடு நிறுத்தினாளா, "பேசாம ஆடறாரா? பார்த்துக்க ரத்தினம்" என்று வேறு கொளுத்திப் போட்டாள்.

ஆக, மனுஷன் பேசாமலிருப்பது பெண்டாட்டி காதில் விழக் கூடாது என்பதற்குத்தான். நாகரத்தினம் அப்படித்தான் முடிவு கட்டினாள். கோபித்துக்கொண்டு போகலாமென்றால் குத்தாலத்திலிருந்த பிறந்த வீட்டு வாசலும் அடைத்துவிட்டது. பொம்பளைக்கும் பங்கு உண்டென்று சட்டம் வந்த தைரியத்தில், அப்பாவின் நஞ்சையில் பங்கு கேட்டு அண்ணன் அய்யாவு மேலேயே வழக்குப் போட்டவள் அவள். அது இன்னும் வாய்தா வாய்தாவாக இழுத்துக்கொண்டு கிடக்கிறது. இருப்பது இந்த ஒரு வீடு, இந்த ஒரு மனுஷன். அதையும் எவளோ ஒருத்திக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு எங்கே போய் நிற்பது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது.

அறைக்குள் மறுபடியும் அந்தச் சிரிப்பு கேட்டது. நாகரத்தினம் அடுப்பை அணைத்தாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனாள்.

அவளைப் பார்த்ததும் உத்திராபதி பதறிப்போய் எழுந்தார். எழுந்தவர் அப்போதும் வாயைத் திறக்கவில்லை, பேசாதே என்று கையால் ஜாடை காட்டிக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றிவிட்டது. கட்டியிருந்த கயிற்றோடு போனைப் பிடுங்கினாள்.

"யாருடி நீ? உனக்கு ஊர்ல வேற ஆம்பளையே கெடைக்கலையா? கட்டினவ ஒருத்தி இங்க கல்லு மாதிரி இருக்கேன்" என்று ஆரம்பித்தவள், இத்தனை நாள் அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். தாலி, மானம், மரியாதை எதையும் பாக்கி வைக்கவில்லை. கடைசியில் மூச்சு வாங்கி, குரல் உடைந்து, அவரை எனக்கு விட்டுடும்மா என்று கெஞ்சியே விட்டாள்.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. யாரோ தொண்டையைச் செருமுவது மட்டும் கேட்டது. பிறகு அந்தக் குரல் நிதானமாகப் பேசியது.

"எங்க கல்யாணத்துக்கு வந்திருந்தீங்கன்னா என் குரல் தெரிஞ்சிருக்கும். நான் குத்தாலத்துலேருந்து உங்க அண்ணன் பொண்டாட்டி ஜெயா பேசறேன், இவருதான் ஆடறாரு, நான் எண்ணைத்தான் சொல்றேன்."

நாகரத்தினம் போனைப் பிடித்தபடி கணவரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க வீட்டுக்காரர்கூட ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னுதானே உங்க வீட்டுக்காரர்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கீங்க, விளையாடக் கூடாதுன்னு வாங்கலையே?"