விற்பனைக்கு இல்லாத படம்

ஆழ்வார்பேட்டை ஓவியக் கூடத்தில் எஸ்தரின் அரூப ஓவியங்களைப் பார்க்கப் பார்க்க அனந்தராமனுக்கு வயிறு எரிந்தது. முப்பது வருஷமாகக் கபாலி கோபுரத்தையே வெளிர் நீர்வண்ணத்தில் வரைகிறவர் அவர். ஒரு பத்திரிகைகூட அவரைத் தேடி வந்ததில்லை.

'விற்பனைக்கு அல்ல' என்று எழுதியிருந்த ஒரு சின்னப் படத்தின் முன்னால் நின்றுவிட்டார். ரத்தச் சிவப்பை ஒட்டியே கிளிப்பச்சை, நடுவில் மஞ்சள் தெறிப்பு. இந்தத் தைரியம் அவருக்கு ஏழு ஜென்மத்திலும் வராது.

"இப்படிக் கலரை வாரி அடிக்க யார்ட்டம்மா கத்துண்டே?" கேட்கும்போதே குரல் கசந்தது.

"அது நான் போட்டது இல்ல சார், உங்களுது" என்றாள் எஸ்தர். "உங்க வூட்ல வேலை செஞ்ச மேரியோட பொண்ணு நான். பிரஷ்ல கலர் தூக்கலா இருந்தா தொடைச்சிடுவீங்களே, அந்த வேட்டித் துணி இது. அம்மா எடுத்தாந்தாங்க. இதப் பாத்துதான் எனக்குக் கலர் பைத்தியமே புடிச்சுது."

அனந்தராமன் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினார்.

"விசாலம், காலம்பற நான் பிரஷ் துடைச்ச துணி எங்கே?" என்று மனைவியைக் கேட்டார்.

"ஒரே கறைன்னா. தோய்ச்சு, பளிச்சுனு வெள்ளையாக்கிக் கொடியில போட்டிருக்கேன்."