கறுப்புக் காய்

"காயைக் கலைக்கலாமா சார்? ஆட்டம் பாதியில நிக்குதே" என்று கேட்டார் பழைய சாமான் வாங்க வந்தவர்.

"கலைச்சுக்குங்க. ஆடினவரே போயிட்டாரு" என்றான் மகன்.

கூடத்துக்கும் தையல் அறைக்கும் நடுவே, முக்காலி மேல் விரித்தபடி இருந்தது அப்பாவின் பேக்கேமன் பெட்டி. இழைத்து மெருகேற்றிய மரம். உள்ளே நீள நீள முக்கோணங்கள், வெள்ளைக் காய்கள், கறுப்புக் காய்கள், இரண்டு பகடை. அம்மாவை அவன் தன்னோடு அழைத்துப் போகிறான். அங்கே இதற்கெல்லாம் இடம் கிடையாது.

வந்தவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இது எங்க பிறந்த விளையாட்டுன்னு கேட்டா, நாலு நாட்டுக்காரன் எங்க வீட்டுலதான்னு சண்டைக்கு வருவான். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தின கல்லறையிலகூட இதுக்குத் தாத்தா மாதிரி பலகை கிடைச்சிருக்கு. யார் கண்டுபிடிச்சிருந்தாலும், அங்க ரெண்டு பேர் இருந்திருக்கணும். அப்பாகூட யார் சார் ஆடினது?"

"யாருமில்லை. ரெண்டு பக்கமும் அவரேதான்."

அம்மாவும் அப்பாவும் பேச்சை நிறுத்தியபோது அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். என்ன சண்டையோ, அவர்களுக்கே மறந்திருக்கும். வீம்பு மட்டும் மறக்கவில்லை. 'உங்கப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு ஆறுதுன்னு.' 'உங்கம்மாகிட்ட சொல்லு, பசிக்கலைன்னு.' ஒரே வீட்டுக்குள் தபால்காரன் வேலை பார்த்து வளர்ந்த பிள்ளை அவன்.

வேலை கிடைத்து அவன் வெளியூர் போனதும் அந்தத் தபாலும் நின்றது. அதன்பின் எப்போது வந்தாலும் பலகையில் ஒரு பாதி ஆட்டம் கிடக்கும். பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் மனுஷன் தன்னோடு தானே ஆடிக் காலம் தள்ளுகிறாரே என்று அவனுக்கு வயிறு எரியும். அதற்காகவே அம்மாவை அவனால் மன்னிக்க முடியவில்லை. அப்பா போன அன்றுகூட அவள் அழவில்லை.

வந்தவர் ஒரு காயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "வெள்ளையெல்லாம் சுத்தமா இருக்கு. கறுப்புல மட்டும் ஏதோ நீலமா அப்பியிருக்கே, என்ன சார் இது?"

அவன் அதை யோசித்ததே இல்லை. துடைத்தால் போய்விடும் என்று சொல்லிவைத்தான்.

"அதை எடுத்த இடத்துலயே வைங்க."

தையல் அறை வாசலில் அம்மா நின்றிருந்தாள். கழுத்தில் அளவு டேப். தைத்துத் தர ஒப்புக்கொண்ட கடைசித் துணியைப் பாதி வெட்டியிருந்தாள். காய் பழைய இடத்துக்குப் போகும்வரை அங்கேயே நின்றாள்.

பிறகு முக்காலி அருகே வந்து பகடையை உருட்டினாள். ஒரு நொடிகூட யோசிக்காமல் இரண்டு கறுப்புக் காய்களை நகர்த்தினாள். அவள் விரலில் இருந்த தையல் சாக்கட்டியின் நீலம் அவற்றில் புதிதாக ஒட்டிக்கொண்டது.

மகன் முகத்தைப் பார்க்காமலே, பழைய வழக்கத்தில் சொன்னாள்:

"உங்கப்பாகிட்ட சொல்லு, இப்ப அவர் முறைன்னு."