நிலா ஏரிக்கு ஒரு விமர்சனம்

“அண்ணி, தலைவரு கூப்புடுறாரு. கோயிலாண்ட வரணுமாம்.”

வாசலில் நின்று சொன்னான் பிரகாஷ். ஐஸ் டெப்போ வைத்திருப்பவன்.

“அவர் ஏரிக்குப் போயிருக்காரே” என்றாள் அர்ச்சனா.

“அண்ணன இல்ல, உங்களத்தான். நீங்க எய்துனது விசயமா. ஊர் குரூப்புல நான்தான் போட்டேன். நம்ம ஊரு மருமக பேரு நெட்டுல வருதேன்னு ஒரு பெருமை. முழுசாப் படிக்காமப் போட்டுட்டேன், கோச்சுக்காதீங்க.”



‘நிழல்கோள்’ என்ற அந்த இணைய இதழ், விஞ்ஞானக் கதைகளையும் மாயக் கதைகளையும் அலசுவது. சென்னை, சிங்கப்பூர், கனடா என்று கொஞ்சம் பேர் படிப்பார்கள். குழந்தை தூங்குகிற நேரத்தில் அர்ச்சனா அதற்கு எழுதுவாள். பழவேற்காடு ஏரிக்கரையில் இதை யார் படிக்கப் போகிறார்கள் என்று சொந்தப் பெயரையே போட்டிருந்தாள்.

இந்த மாதம் எடுத்துக்கொண்டது ஒரு வேற்றுக் கிரகக் கதை. அங்கே ஏரியில் நிலா வெளிச்சம் விளையும். சில குலங்கள் மட்டும் முறை வைத்து அள்ளும். மற்றவர்கள் சிந்தியதைப் பொறுக்குவார்கள். கதை நன்றாக இருக்கிறது என்பதோடு அவள் நிறுத்தியிருக்கலாம்.

‘இந்த ஏரியைப் பார்க்க வேறு கிரகத்துக்குப் போக வேண்டாம். என் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. இங்கே வலைக்காரர்களுக்குப் பாடு உண்டு. பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் துழாவி இறால் பிடிக்கிற பெண்களுக்கு இல்லை’ என்று ஒரு பத்தி சேர்த்துவிட்டாள்.

பாடு என்பது ஊர் வகுத்த முறை. முகத்துவாரத்தை ஒட்டி, இறால் ஓடுகிற இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டுப் பிரிப்பார்கள். அதை எதிர்த்துப் பேசியவர்களுக்குப் பாடே இல்லாமல் போனதாகக் கேள்வி. அவள் புருஷன் தாமோதரனுக்கு வருகிற அமாவாசையில் பாடு. இந்தப் பருவத்தில் அவர்களுக்கு விழுந்த ஒரே நல்ல இடம். அதுவும் போய்விட்டால்?

போன் போட்டாள். கிடைக்கவில்லை. மறுபடி போட்டு, தலைவர் கூப்பிட்டதைச் சொன்னாள்.

“இன்னா எய்துன?” என்றான் தாமோதரன்.

“நம்ம பாடப் பத்தி.”

அவன் படகு இன்ஜினை நிறுத்தினான்.

“கான்வென்ட்டு பொண்ணு வேணாம்டான்னு எங்க நைனா அப்பவே சொன்னாரு. சரி போ. எதுத்துப் பேசாத. அழிச்சுடறேன்னு சொல்லிட்டு வந்துடு.”

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தாள். வழியில் குழாயடிப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவள் தாண்டியதும் யாரோ சிரித்தார்கள்.

கோயில் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் ஊர்த் தலைவர் ஆதிநாராயணன். கையில் போன். பந்தலுக்கு வெளியே, வெயிலில் ராஜாத்தி நின்றிருந்தாள். கையால் இறால் பிடித்து வீட்டு வாசலுக்கு விற்கக் கொண்டுவருகிறவள். அய்யோ, இவளையும் இழுத்துவிட்டேனே என்று நினைத்தாள் அர்ச்சனா.

“நீ எய்துனதா இது?”

“ஆமா மாமா. மன்னிச்சுடுங்க. இப்பவே எடுத்துடறேன்.”

“எடுக்கறது அப்பறம். இதுல இருக்கறது பொய்யா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ராஜாத்தி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பொய் இல்ல மாமா.”



ஆதிநாராயணன் தலையை ஆட்டினார்.

“நானும் ரெண்டு தபா படிச்சேன். பொய் இல்ல. இத்தினி வருசமா சீட்டக் குலுக்குனவன் நான்தான். இவங்கள ஒரு தபா கூட நெனச்சதில்ல.” போனை மடியில் வைத்தார். “பௌர்ணமிக்கு வர்ற என் பாட்ட ராஜாத்தி ஆளுங்களுக்கு வுட்டுட்டேன். வலை என்னுது, படகு என்னுது, இறாலு அவங்களுது.”

அர்ச்சனா ராஜாத்தியைத் திரும்பிப் பார்த்தாள்.

“காலையில இங்க இருந்தவங்களாண்ட சொன்னேன். கெயவனுக்குக் கிறுக்குப் புட்சிடுச்சுன்னு சிரிச்சுக்கினே போறானுங்க. ஒத்த ஆளு செஞ்சா கிறுக்குதாம்மா. ரெண்டாவது ஆளு செஞ்சா, நாளைக்கு அதுவே முறையாயிடும். அதான் உன்னக் கூப்ட்டேன். எய்துனவ நீ. அமாவாச பாடு உங்களுது. அத்த வுட்டுக் குடுக்கறியா? தாமோதரனாண்ட நான் பேசறேன்.”

ராஜாத்தி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

அர்ச்சனா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“அது சும்மா, ஒரு கதைக்கு எழுதின விமர்சனம் மாமா” என்றாள்.