ஆயிற்று என்றது ஸ்டப்

'இயந்திரம் இடம் மாறிவிட்டது' என்றது திரை.

புது சர்வரில் தேடினாள். இல்லை.

பழைய சர்வரில் பார்த்தாள். அங்கேயும் இல்லை.

எங்கேதான் போய்த் தொலைந்தது?

திங்கட்கிழமையிலிருந்து இதே கூத்து. ஒரு கணினிக்குள் பல கணினிகளை ஓட்டிக்காட்டும் மென்பொருள் அவள் கம்பெனியுடையது. உள்ளே ஓடும் ஒவ்வொன்றையும் இயந்திரம் என்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை நிறுத்தாமலே அடுத்த சர்வருக்குத் தூக்கி வைக்கலாம். ஒரே ஒரு வாடிக்கையாளரிடம் மட்டும், தூக்கியது காணாமல் போகிறது.

போன் அதிர்ந்தது. வீட்டிலிருந்து மகள் ஆதிரையின் மெசேஜ்.

'ஆறு மணிக்கு ஸ்கூல்ல நாடகம். புடவை கட்டிவிட வந்துடுவல்லம்மா?'

கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே தட்டினாள்.

'வந்துடறேன் கண்ணு.'

மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது பிடிபட்டது.

அந்த வாடிக்கையாளர் வாங்கியது சின்னப் பதிப்பு. இடம் மாற்றும் வசதியே அதில் கிடையாது. வசதி இல்லாத இடத்தில், அதன் பெயரிலேயே ஒரு வெற்று ஃபங்ஷனை, அதாவது ஒரு குட்டி நிரலை, எழுதி வைப்பார்கள். ஸ்டப் என்று பெயர். அது வேலை எதுவும் செய்ய வேண்டாம். கேட்டால், 'என்னால் ஆகாது' என்று சொன்னால் போதும். கேட்ட புரோகிராம் வேறு வழி பார்த்துக்கொள்ளும். இயந்திரத்தை நிறுத்தி, மெதுவாக நகலெடுத்து, அந்தப் பக்கம் எழுப்பிக்கொள்ளும்.

இந்த ஸ்டப்பில் ஒரே வரி இருந்தது.

'ஆயிற்று.'

அதை நம்பி, கேட்ட புரோகிராம் பழைய இயந்திரத்தை அழித்துவிட்டிருந்தது.

அடப்பாவி. ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு? எழுதியவன் எவனோ, அவனை மனசுக்குள் வறுத்தெடுத்தாள். அவனுக்கென்ன, ஆயிற்று என்று எழுதிவிட்டால் சோதனை எல்லாம் பாஸ் என்று பச்சை காட்டும். அன்றைக்கு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பான். உயிர் போவது இவளுக்கு.

வரியை மாற்றினாள். ஓடவிட்டாள்.

ஆகாது என்றது ஸ்டப்.

மாற்று வழி உடனே விழித்துக்கொண்டது. அது எப்போதிருந்தோ அங்கேயேதான் இருந்திருக்கிறது. யாரும் அதைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். இயந்திரம் மெதுவாக, பத்திரமாக, புது சர்வரில் போய் உட்கார்ந்தது.

இந்த ஒரு வரிக்காகவா இத்தனை பாடு? எரிச்சலில் அழுகையே வந்தது.

மறுபடி மறுபடி ஓட்டிச் சோதித்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் சற்குணம் வந்து எட்டிப் பார்த்தார். மற்ற வசதிகளின் ஸ்டப்களையும் திறந்து காட்டச் சொன்னார். பாதிக்கு மேல் 'ஆயிற்று' என்றே இருந்தன. ராத்திரிக்குள் எல்லாவற்றையும் மாற்றி அனுப்பியாக வேண்டும் என்றார். முடியுமா என்று கேட்டார்.

"முடிச்சுடலாம் சார்."

சொன்ன பிறகுதான் மணியைப் பார்த்தாள்.

நாலே முக்கால். இப்போதே கிளம்பினால்கூட, இந்த நேரத்து டிராபிக்கில் தரமணியிலிருந்து தாம்பரம் போய்ச் சேர்வதற்குள் நாடகமே தொடங்கிவிடும்.

போனை எடுத்தாள். 'லேட்டானாலும் வந்துடறேன் கண்ணு' என்று விரல் தானாக அடித்தது.

அதற்கு மேலே காலையில் அனுப்பியது. 'வந்துடறேன் கண்ணு.' அதற்கும் மேலே தள்ளினாள். விளையாட்டு விழா. வந்துடறேன் கண்ணு. பல் டாக்டர். வந்துடறேன் கண்ணு.

அடித்ததை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள்.

'இன்னைக்கு அம்மாவால வர முடியாதுடா.'

அனுப்பிவிட்டாள். அழுவாள். சண்டை போடுவாள். போடட்டும்.

பதில் உடனே வந்தது.

'சரிம்மா. எதிர்வீட்டு கோமதி ஆன்ட்டிகிட்ட புடவை கட்டிவிட நேத்தே சொல்லி வெச்சுட்டேன்.'