மேலும் காண்க: குட்டிம்மா

நூலகப் புத்தகங்களைப் பொருள்வாரியாகத் தலைப்பிட்டுக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. அன்று ‘இரட்டையர்’ என்ற தலைப்பின் கீழே ‘மேலும் காண்க: குட்டிம்மா’ என்று இருந்தது. அவளுடைய ஒரே மகளின் செல்லப்பெயர் அது. அழித்தாள். திரும்பத் திறந்தால், ஒன்றும் நடக்காததுபோல அங்கேயே உட்கார்ந்திருந்தது. எத்தனை தடவைதான் அழிப்பது?

“விளையாட்டுக்கும் ஒரு அளவு வேணாமா தம்பி?” என்று பக்கத்து மேசைக்காரனிடம் பாய்ந்தாள்.

அவன் எழுந்து வந்து திரையைப் பார்த்தான். “குட்டிம்மாவா? யாருக்கா அது?”

அவன் முகத்தில் பொய் இல்லை. அதுவே அவள் எரிச்சலை இன்னும் கூட்டியது. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, கடுகடுத்த முகத்தோடு வீட்டுக்கு வந்து மணியை அழுத்தினாள். பள்ளிவிட்டு வந்திருந்த குட்டிம்மா கதவைத் திறந்தாள்.

“வந்துட்டியாம்மா? எனக்குப் பசிக்குது.”

“எனக்குந்தாம்மா,” என்றது உள்ளறையிலிருந்து அதே குரல்.