பதக்கம் குத்தும் நேரம்

அரியலூர் வீட்டு மாடியில் ஓய்வுபெற்ற ஜெனரல் அறிவழகனின் கோட்டில் அவர் மனைவி வெற்றிச்செல்வி பதக்கங்களைக் குத்திக்கொண்டிருக்கிறாள். விழாவுக்கு அழைத்துப்போகக் கார் வந்து நிற்கிறது. சிமெண்டுத் தூசி மிதக்கும் மாலை வெயிலில் எங்கிருந்தோ ஹெலிகாப்டர் சத்தம் கேட்கிறது. அவர் சட்டென்று அண்ணாந்து பார்க்கிறார். இடது கை தொடையருகே தானாக மெல்ல உயர்கிறது. பனிமலையிலிருந்து காயம்பட்ட சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு, ஹெலிகாப்டரின் நெம்புகோலை இழுத்து மேலெழுப்பிய கை அது. முதல் பதக்கம் அதற்குக் கிடைத்ததுதான். சத்தம் பெரம்பலூர்ப் பக்கம் தேய்ந்து மறைகிறது.

"அசையாதீங்க, ஊக்கு குத்திரும்."

"ஜெனரலா ஆக்குனாங்க செல்வி. அன்னைக்கோட ஓட்டுறது நின்னுபோச்சு."

அவர் பார்வை இன்னும் வானத்தை விட்டு இறங்கவில்லை. அவர் பறந்த நாளெல்லாம் தரையில் காத்திருந்தவள், இப்போது அவர் மார்பில் கைவைத்தபடியே காத்திருக்கிறாள்.