வற்றாத ஏரி

செங்கம்மாளின் வீட்டின் மேல் மூன்று வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன.

"இது என் ஊடா?" திரையில் விழுந்த படத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். "அடப்பாவிங்களா, சமையக்கட்டுல வாத்து நீந்துது!"

"ஆக்கிரமிப்பை எடுத்ததும் ஏரி அதுவரைக்கும் வரும்மா. திரையைத் தொடாதீங்க," என்றார் சபரிநாதன். புது நகரத்துக்கு வரைபடம் போட வந்த கன்சல்டன்ட். கும்மிடிப்பூண்டி கல்யாண மண்டபத்தில், மாப்பிள்ளை பெண் உட்காரும் மேடையில் நின்றுகொண்டு மக்களிடம் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏரியை ஒட்டி மூணு ஆப்ஷன். ஒண்ணு, நடைபாதை. ரெண்டு, படகுத்துறை. மூணு, பறவை பார்க்கிற டவர். பிடிச்சதுல ஸ்டிக்கர் ஒட்டுங்க."

மூன்றிலும் செங்கம்மாளின் தெரு இல்லை. நாற்பத்திரண்டு வீடும் ஏரி ஆக்கிரமிப்பு, பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும் என்று போன வாரம்தான் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். இடிப்பதற்கு நாள் குறித்துவிட்டு, எப்படி இடித்தால் அழகாக இருக்கும் என்று கேட்க இந்தக் கூட்டம். டீயும் சமோசாவும் உண்டு.

"எங்க ஊடு அப்பிடியே கீற மாதிரி நாலாவது ஆப்ஷன் இல்லியா சார்?" என்றாள் செங்கம்மாள்.

"ஸ்டிக்கர் மூணு கலர்தாம்மா வாங்கினோம்."

செங்கம்மாள் தன் சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டாள்.

பூமிகா எழுந்தாள். அந்தத் தெருவில் காலேஜ் முடித்த முதல் ஆள். நோட்டீஸைத் தெருவுக்கே படித்துக் காட்டியவளும் அவள்தான்.

"நான் பொறந்து வளந்ததே அங்கதான் சார். எந்த ஏரி?"

"பாத்தீங்களா? பக்கத்துலயே இருந்தும் உங்களுக்குத் தெரியல. நாங்க சேட்டிலைட்ல கண்டுபிடிச்சோம்."

"நேர்ல வந்து பாத்தீங்களா?"

"எதுக்கும்மா? சேட்டிலைட் பொய் சொல்லாது." சபரிநாதன் பொத்தானை அழுத்தினார். வாத்துகள் போய், மேலிருந்து எடுத்த நிஜப் படம் வந்தது. குட்டிக் குட்டியாகப் பழுப்பு வீடுகள். அவற்றை ஒட்டி அகலமாக, பளிச்சென்று நீலம்.

அவர் குரல் குழைந்தது. "மே மாசம் எடுத்த படம். ஒரு இன்ச் தண்ணி குறையல. நாலு கரையும் ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி! முன்னோருங்க எப்படி வெட்டியிருக்காங்க பாருங்க. ஓரத்துல குட்டியா ஒரு தீவு வேற. வெள்ளையாத் தெரியுதே, அது பறவை எச்சம். சீசன்ல வெளிநாட்டுப் பறவைங்க வந்து தங்குது."

"அப்போ நாங்க எங்க தங்குறது?"

"திருவாலங்காட்டுக்கு அந்தப் பக்கம் உங்களுக்கு இடம் பாக்குறோம்."

பூமிகாவுக்கு முகம் சிவந்தது. "எங்க நைனா இங்க கம்பெனி கம்பெனியா ஏறி எறங்கி பெயிண்ட் அடிச்சுப் பொழைக்கிறாரு. அங்கேர்ந்து தினம் எப்படி வருவாரு? உங்க படகுலயா?"

மண்டபம் சிரித்தது. அவள் அப்பா ஆதிகேசவன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஏற்கெனவே எழுந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போயிருந்தார்.

"பூமி, நான் ஒண்ணு சொல்லிடட்டா?"

"நீ சும்மா இரு நைனா. நான்தான் பேசிக்கினு கீறேன்ல?"

"பேசட்டும்மா," என்றார் சபரிநாதன் பெருந்தன்மையாக. "மக்கள் கருத்துதானே வேணும்? அவருக்கு மைக்கைக் குடுங்க. சொல்லுங்கய்யா, உங்களுக்கு எந்த ஆப்ஷன்?"

ஆதிகேசவன் மைக்கை வாங்கிக்கொண்டார். எதிலும் ஸ்டிக்கர் ஒட்டவில்லை. விரலைக் கொண்டுபோய்த் தீவின் மேல் வைத்தார்.

"சார், இது எங்க தெருவுக்குப் பின்னாடி கீற கம்பெனி கூரை. இந்த நீலம் நான் அடிச்சதுதான்."

தலையைச் சொறிந்தார்.

"தீவாண்ட வர்றப்போ பெயிண்டு தீந்துபூட்ச்சு."